டிரைவைக் குறையுங்கள், லெவலைக் கூட்டுங்கள்

கிட்டார் ஆம்பில் நாம் மயங்கிக் கேட்கும் அந்தக் கரகரப்பை, ஆம்பைக் கட்டியவர்கள் வேண்டுமென்று வைக்கவில்லை. 1950களில் லியோ ஃபெண்டர் தேடியது உரத்த, அதே சமயம் சுத்தமான ஒலி. வாசித்தவர்கள்தான் வால்யூமை அளவுக்கு மீறித் திருப்பினார்கள். ட்யூப்களால் தாங்க முடியாத இடத்தில் ஒலியலையின் முகடுகள் மழுங்கின. ப்ளூஸுக்கும் ராக்குக்கும் அந்த மழுங்கல் பிடித்துப்போனது. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962ல் உருவான ஜேடிஎம்45, ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பின் சுற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. 1966ல் வெளிவந்த ஜான் மேயாலின் ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் அதே வம்சத்து மார்ஷல் காம்போ ஒன்றைக் காது அதிரும் வால்யூமில் வைத்து லெஸ் பால் கிட்டார் வாசித்தார். அந்த ஒலியை ஒரு சின்னப் பெட்டிக்குள் கொண்டுவரும் முயற்சி இன்றுவரை ஓயவில்லை.

வீட்டில் அந்த வால்யூமை நினைத்தே பார்க்க முடியாது. சிறிய அரங்குகளிலும் ஒலிப் பொறுப்பாளர் விடமாட்டார். அதனால்தான் ஓவர்டிரைவ் பெடல். ஆனால் பெடல் வாங்கிய பலருக்கு முதல் வாரத்திலேயே ஏமாற்றம் வந்துவிடுகிறது: இரைச்சல் இருக்கிறது, ஆம்பின் உயிர் இல்லை. பெரும்பாலும் பெடல் மீது குற்றமில்லை. ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை முழுவதையும் பெடலின் டிரைவ் குமிழ் ஒன்றிடமே கொடுத்துவிடுகிறோம். இந்த அத்தியாயம் அந்த வேலையைச் சரியாகப் பிரித்துக் கொடுப்பது பற்றியது.

ஆம்பில் கரகரப்பு பிறக்கும் இடங்கள்

ஆம்பின் கரகரப்பு ஒரே இடத்தில் பிறப்பதில்லை. முதல் 12ஏஎக்ஸ்7 ட்யூப் கொஞ்சம் மழுக்கும். அதை அடுத்த ட்யூபோடு இணைக்கும் கெப்பாசிட்டர் அடித்தொனியில் ஒரு பங்கைக் கழிக்கும். அடுத்த ட்யூப் இன்னும் கொஞ்சம் மழுக்கும். பாஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் உள்ள டோன் பகுதியும் வழியில் வரும். கடைசியில் இஎல்34, 6எல்6, இஎல்84 போன்ற பவர் ட்யூப்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் மழுங்கல், கொஞ்சம் வடிகட்டல். எந்தக் கட்டமும் தனியாக முழுச் சுமையையும் தாங்குவதில்லை.

இதோடு இன்னொன்று. ட்யூப் ஆம்பில் ஓங்கி அடித்தால் பவர் சப்ளையின் வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்து, பிறகு நிமிர்கிறது. குறிப்பாக ரெக்டிஃபயரும் ட்யூபாகவே இருக்கும் பழைய ஆம்புகளில் இது நன்றாகத் தெரியும். பிக் பட்ட முதல் அடி சற்று அமுங்கி, ஸ்வரத்தின் உடம்பு அதன் பின்னால் எழும்பி வரும். ஆம்ப் விரலுக்குக் கீழே வளைந்து கொடுக்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

ஸ்பீக்கரைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். மழுங்கிய அலையில் பிறக்கும் கூரான மேலோசைகளை நீக்குவது அதுதான். அது இல்லாமல் ஓவர்டிரைவைக் கேட்டால் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல இரையும். என்னைக் கேட்டால், மூன்றாவது பெடலுக்குப் பணம் சேர்ப்பவர் அதை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுவதே மேல். எந்தப் பெடலில் எந்த ஐசி இருக்கிறது, பழைய ஜேஆர்சி4558 உசத்தியா புதியது உசத்தியா என்ற வாதத்தில் கிடைக்கும் வித்தியாசத்தை விட, ஸ்பீக்கரை மாற்றினால் கிடைக்கும் வித்தியாசம் பல மடங்கு பெரியது.

பெடலுக்குள் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமரை எடுத்துக்கொள்வோம். 1970களின் இறுதியில் ஜப்பானில் சுசுமு தமுரா வடிவமைத்தது. டிஎஸ்808, 1982ல் வந்த டிஎஸ்9 என்று தொடங்கி எண்ணற்ற நகல்கள் வரை அதே சுற்றுதான். மழுக்கும் வேலையைச் செய்வது ஒரு ஆப்-ஆம்ப் ஐசியும், அதன் ஃபீட்பேக் பாதையில் எதிரெதிராக வைத்த இரண்டு சிலிக்கான் டயோடுகளும்.

டிரைவ் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்பினாலும் இந்தச் சுற்று சுமார் 12 மடங்கு பெருக்கும். முழுக்க வலப்பக்கம் திருப்பினால் சுமார் 118 மடங்கு. உங்கள் சிங்கிள்-காயில் பிக்கப், அழுத்தி வாசிக்கும்போது 0.1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மடங்கு என்றால் 1.2 வோல்ட். டயோடுகளோ 0.6 வோல்ட்டை ஒட்டியே கடத்தத் தொடங்கிவிடும். ஆக, டிரைவ் பூஜ்யத்தில் இருக்கும்போதே அழுத்தி அடித்த ஸ்வரம் மழுங்குகிறது. மெல்ல வருடிய ஸ்வரம் மழுங்காமல் தப்பிக்கிறது. இந்த வேறுபாடுதான் நமக்கு வேண்டிய பொக்கிஷம். டிரைவை முழுக்கத் திருப்பினால் 0.1 வோல்ட் கிட்டத்தட்ட 12 வோல்ட்டாக எழ முயலும். டயோடு அதை 0.6ஐ ஒட்டியே வெட்டிவிடும். மெல்ல வருடினாலும் வெட்டு, ஓங்கி அடித்தாலும் வெட்டு. விரலின் அழுத்தத்துக்கு அங்கே மரியாதை இல்லை.

இந்தச் சுற்றில் இரண்டு நல்ல குணங்கள் உண்டு. டயோடுகள் ஃபீட்பேக் பாதையில் இருப்பதால், மழுங்கிய ஒலியோடு உங்கள் அசல் சிக்னலும் கலந்தே வெளியே வரும். பிக் கம்பியில் படும் அந்த முதல் தட்டு மறையாமல் கேட்பது இதனால்தான். இன்னொன்று, மேலே சொன்ன 12 மடங்கும் 118 மடங்கும் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிக்குத்தான். அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் இறங்கும். தாழ்ந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். டிரைவ் பூஜ்யத்தில் அதற்கு இரண்டு மடங்குகூடக் கிடைக்காது. அதனால் அடித்தொனி மழுங்காமல் தெளிவாக நிற்கிறது. ட்யூப்களுக்கு இடையே கெப்பாசிட்டர்கள் பாஸைக் கழிப்பதாகச் சொன்னேன் அல்லவா, அந்த வேலையை இங்கே பெடல் முன்கூட்டியே செய்துவிடுகிறது. அடித்தொனி கனமாக உள்ளே போய் மழுங்கினால் ஒலி கூழாகிவிடும் என்பதை இருதரப்பு வடிவமைப்பாளர்களும் அறிந்திருந்தார்கள்.

இதனால் நடுத்தொனி மேடு தட்டும். ஃபெண்டர் வகை ஆம்பில் பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றினால் நடுத்தொனியில் ஒரு பள்ளம் விழும். பெடலின் மேடு அந்தப் பள்ளத்தில் சரியாகப் போய் அமர்கிறது. ஸ்டீவி ரே வான் ஃபெண்டர் ஆம்புகளுக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமரை வைத்து, டிரைவைக் குறைத்து லெவலை ஏற்றி வாசித்தது இந்தப் பொருத்தத்தால்தான். அதே பெடலை, மிட் ஏற்கெனவே நிறைந்திருக்கும் மார்ஷல் வகை ஆம்பில் போட்டு டிரைவை ஏற்றினால் குரல் மூக்கடைத்துப்போகும். அங்கே நடுத்தொனியை அதிகம் தூக்காத, பாஸ் (Boss) நிறுவனத்தின் பிடி-2 ப்ளூஸ் டிரைவரோ, மார்ஷலின் ப்ளூஸ்பிரேக்கர் வகைப் பெடலோ நன்றாக இழையும். பாஸ் நிறுவனத்தின் ஓடி-1 (1977), எஸ்டி-1 (1981) இரண்டிலும் டயோடுகள் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று ஏற்றத்தாழ்வாக இருக்கும். அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறு அளவில் மழுங்கும். பல ட்யூப் கட்டங்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. விலை குறைவான எஸ்டி-1ஐ யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பெடல் எனக்குத் தெரியவில்லை.

குமிழ்களைத் திருப்பும் வரிசை

பெடலை அணைத்துவிட்டு ஆம்பிலிருந்து தொடங்குங்கள். பாஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். கிட்டாரின் வால்யூம் 10ல் இருக்கட்டும். ஒரு ஏ7 கார்டைப் பிடித்து ஓங்கி வீசி அடித்தபடியே ஆம்பின் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஓங்கி அடிக்கும்போது மட்டும் ஓரம் லேசாகப் பிசிறடித்து, விரலால் மெல்ல மீட்டினால் தெளிவாக ஒலிக்கும் ஓர் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். இந்த இடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது பெடல். டிரைவ் பூஜ்யம், டோன் நடுவில். பெடலை அணைத்தாலும் போட்டாலும் ஒலியின் அளவு ஒன்றாக இருக்கும் வரை லெவலைச் சரிசெய்யுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் ஏமாறுகிறார்கள்: சற்று உரக்க ஒலிக்கும் எதையும் காது நல்லது என்று நம்பிவிடும். அளவு ஒன்றான பிறகு, பெடல் ஒலிக்கு என்ன செய்கிறது என்று நிதானமாகக் கேளுங்கள். பிறகு லெவலை ஏற்றுங்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒலி உரக்க ஆவதற்குப் பதிலாகத் தடிமனாகும். பெடல் ஆம்பின் முதல் ட்யூபைத் தள்ளத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; கரகரப்பில் பாதி இனி ஆம்பினுடையது. இதற்குப் பின்தான் டிரைவைத் தொட வேண்டும். அதுவும் கடிகார முள்ளின் 9 மணி, மிஞ்சினால் 10 மணி. தேவை அதற்கு மேல் என்றால் பெடலை விட ஆம்பைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி: ஜி கம்பியிலும் பி கம்பியிலும் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து அடித்து, ஜி கம்பியை மட்டும் மெல்ல இழுங்கள். இழுக்க இழுக்க அடியில் மூன்றாவதாக ஒரு உறுமல் கேட்கும். இரண்டு ஸ்வரங்களும் ஒன்றோடொன்று மோதி மழுங்குவதில் பிறப்பது அது. நல்ல ஆம்பில் அந்த உறுமலும் கேட்கும், இரண்டு கம்பிகளும் தனித்தனியாகவும் கேட்கும். உறுமல் இரண்டையும் விழுங்கிவிட்டால் டிரைவ் அதிகம், அல்லது பெடலுக்குள் பாஸ் அதிகம் போகிறது. நெக் பிக்கப்பில் இருந்தால் பிரிட்ஜுக்கு மாறிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

டோன் குமிழை வைக்கும்போது ஸ்பீக்கருக்கு நேர் எதிரே, காது அதன் உயரத்தில் இருக்கும்படி குனிந்து கேளுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் மேலோசையை நேர்கோட்டில்தான் வீசும். ஆம்ப் தரையில் இருந்து, நீங்கள் அதன் மேலே நின்று குமிழைத் திருப்பினால் ட்ரெபிள் உங்கள் முழங்காலுக்குத்தான் போகும். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்பைச் சாய்த்து வைக்கலாம், நாற்காலி மேல் ஏற்றலாம்.

வீட்டில் அமைத்த ஒலி மேடையில் கெட்டுப்போவதற்கும் காரணம் உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டியது இது: ஒலி மெல்லியதாக இருக்கும்போது நம் காது பாஸையும் உச்ச ட்ரெபிளையும் குறைவாகவே உணரும். வீட்டில் அந்தக் குறையை ஈடுகட்ட இரண்டையும் ஏற்றிவிடுகிறோம். மேடையில் வால்யூம் ஏறியதும் பாஸ் குமுறும், ட்ரெபிள் கீறும், நடுத்தொனி காணாமல் போகும். மேடைக்கான அமைப்பை மேடை வால்யூமில்தான் செய்ய வேண்டும். அதற்கு வாய்ப்பில்லையென்றால், வீட்டு அமைப்பிலிருந்து பாஸையும் ட்ரெபிளையும் கொஞ்சம் இறக்கி, மிட்டை ஏற்றிக்கொண்டு போங்கள்.

கிட்டாரின் வால்யூம் குமிழ்

நல்ல ட்யூப் ஆம்பை அடையாளம் காட்டுவது அதன் கரகரப்பு அல்ல. கிட்டாரின் வால்யூமை 10லிருந்து 6க்கு இறக்கினால் கரகரப்பு வடிந்து தெளிவாவதுதான். பெடலிலும் இதைப் பெற முடியும், டிரைவ் தாழ்வாக இருந்தால். ஓவர்டிரைவைக் காலால் போட்டு அணைத்துக்கொண்டே இருப்பதை விட, அதை எப்போதும் போட்டுவைத்து விரலால் வால்யூமை ஏற்றி இறக்குவதே ஆம்ப் வாசிப்புக்கு நெருக்கமான பழக்கம். பாடல் வரிக்கு 6, பல்லவிக்கு 8, சோலோவுக்கு 10 என்று ஒரு பாட்டு முழுவதையும் கடந்துவிடலாம்.

வால்யூமை இறக்கும்போது ட்ரெபிளும் சேர்ந்து மங்குகிறதா? கிட்டாரின் பாட்டும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து செய்யும் வேலை அது. நீளக் கேபிளைக் குறைப்பது முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் வால்யூம் பாட்டில் ட்ரெபிள் ப்ளீட் என்ற சிறு கெப்பாசிட்டரைச் சேர்க்கச் சொல்லலாம். கிட்டார் பழுது பார்ப்பவருக்கு சில நிமிட வேலை. ப்ளூஸ் டிரைவரும் ப்ளூஸ்பிரேக்கர் வகைகளும் வால்யூமுக்கு நன்றாக இணங்கும். ட்யூப் ஸ்க்ரீமர் கொஞ்சம் பிடிவாதம்.

ஆம்ப் ஒத்துழைக்காதபோது

இதுவரை சொன்னதெல்லாம் ட்யூப் ஆம்ப் கையில் இருந்தால். வாடகை ஆம்பாகப் பல ஊர்களிலும் வந்து நிற்கும் ரோலண்ட் ஜேசி-120 டிரான்சிஸ்டர் ஆம்ப். 1975லிருந்து அதன் புகழே எவ்வளவு ஏற்றினாலும் கலங்காத தெளிவுதான். அதன் வாசலில் லெவலை எவ்வளவு தள்ளினாலும் ட்யூப் போல இணங்காது. வெறும் சத்தம்தான் கூடும். இங்கே ஆம்பின் பங்கை இன்னொரு பெடலிடம் கொடுக்க வேண்டும். கெய்ன் குறைந்த ஒரு பெடலை, ப்ளூஸ்பிரேக்கர் வகையோ ப்ளூஸ் டிரைவரோ, ஆம்பை ஒட்டிக் கடைசியில் வைத்து, ஓங்கி அடித்தால் மட்டும் பிசிறும்படி அமைத்து எப்போதும் போட்டே வையுங்கள். அதுதான் இனி உங்கள் ஆம்ப். அதற்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமரையோ எஸ்டி-1ஐயோ வைத்து, முன்பு சொன்ன அதே வரிசையில் லெவலை ஏற்றி அதைத் தள்ளுங்கள். இரண்டு கட்டமும் அரைகுறையாக மழுக்குவது, ஒரே கட்டம் முழுதாக மழுக்குவதை விட எப்போதும் ஆம்புக்கு நெருக்கம். ஜேசி-120ல் பிரைட் சுவிட்சை அணைத்துவிடுங்கள், ட்ரெபிளை நடுவுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

ஜேஃபெட் டிரான்சிஸ்டர்களை ட்யூப்களின் இடத்தில் வைத்து ஒரு மார்ஷலின் சுற்றையே நகலெடுக்கும் பெடல்களும் உண்டு. கேட்டலின்பிரெட்டின் டர்ட்டி லிட்டில் சீக்ரெட் ஒரு உதாரணம். இவை தமக்குள்ளேயே பல கட்டங்களும் டோன் பகுதியும் கொண்டவை. ஏற்கெனவே பிசிறும் ஆம்பின் முன்வாசலில் இவற்றைச் செருகினால் டோன் பகுதி இரண்டு முறை வந்து ஒலி குழம்பும். ஆம்பில் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் இருந்தால் நேராக அதில் செருகிப் பாருங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு எச்சரிக்கை. 9 வோல்ட்டுக்குப் பதில் 18 கொடுத்தால் சில பெடல்கள் இன்னும் தாராளமாகத் திறந்து ஒலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தயாரித்தவர் 18 ஏற்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். க்ளோன் சென்டார் வகைப் பெடல்கள் உள்ளுக்குள் தாமே வோல்டேஜை ஏற்றிக்கொள்பவை. வெளியிலிருந்து 18 கொடுத்தால் அந்த வேலையைச் செய்யும் ஐசி எரிந்துபோகலாம்.

நேராக மிக்சருக்குள்

நம் கல்லூரி விழாக்களிலும் ஆலயங்களிலும் கிட்டாருக்கு ஆம்ப் கிடைக்காமல், டிஐ பெட்டியையோ மிக்சரின் ஒரு வாயிலையோ காட்டுவது சாதாரணம். அங்கே ஓவர்டிரைவ் பெடலை மட்டும் போட்டால் முன்பு சொன்ன வண்டு வந்துவிடும், ஏனென்றால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அடக்க ஸ்பீக்கர் இல்லை. மேடை ஸ்பீக்கர்கள் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் அத்தனையையும் பிசகாமல் ஒலிக்கும். இதற்கு ஒரே நேர்மையான வழி, வரிசையின் கடைசிக்கு ஒரு கேபினட் சிமுலேட்டரைக் கொண்டுவருவது. டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் 1989லிருந்தே ஸ்பீக்கரின் அடக்கத்தைச் சுற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. இப்போது உண்மையான கேபினட்டை மைக் வைத்து அளந்த ஐஆர் கோப்புகளை ஏற்றும் சிறு பெடல்கள் கிடைக்கின்றன. லேப்டாப் வழியாக வாசிப்பவர்களுக்கு இலவச மென்பொருளும் உண்டு. கையில் ஒரே ஒரு பெடலுக்குத்தான் பணம் இருக்கிறது, ஆம்ப் எப்போதும் கிடைக்காது என்றால், விலை உயர்ந்த ஓவர்டிரைவை விட்டுவிட்டு சாதாரண எஸ்டி-1ஓடு ஒரு ஐஆர் பெடலை வாங்கச் சொல்வேன்.

வரிசை இப்படி வரட்டும்: கிட்டார், ஓவர்டிரைவ், கெய்ன் குறைந்த இரண்டாவது ஓவர்டிரைவ் இருந்தால் அது, டிலே, ரிவர்ப், கடைசியில் கேபினட். கிட்டாரை மிக்சரின் லைன் வாயிலில் நேராகச் செருகாதீர்கள்; பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவிலான இன்புட் வேண்டும், இல்லாவிட்டால் மேலோசை செத்துவிடும். பெடல் வழியாக வந்தால் அந்தக் கவலை இல்லை. கேபினட் சிமுலேட்டர் இல்லாமல் மாட்டிக்கொண்டால், பெடலின் டோனை முழுக்க இறக்கி, டிரைவை வழக்கத்தில் பாதியாக்கி, மிக்சர்க்காரரிடம் 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கொஞ்சம் வெட்டி, ஹை குமிழை முழுக்க இறக்கச் சொல்லுங்கள். அவர் டிஜிட்டல் மிக்சர் வைத்திருந்தால் இன்னும் நல்லது: அந்தச் சேனலில் 5 கிலோஹெர்ட்ஸில் ஹை-கட், 80 ஹெர்ட்ஸில் லோ-கட் போடச் சொல்லுங்கள். பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் சேர்ந்ததும் 80ஐ 100க்கு ஏற்றச் சொன்னாலும் தயங்காமல் சரி என்று சொல்லுங்கள். தனியாக வாசிக்கும்போது மெலிந்ததாகத் தோன்றும் அந்தக் கிட்டார், குழுவோடு வாசிக்கும்போது தெளிவாக மேலே நிற்கும்.